பெண் தாழை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
11.2.1990

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் தொடங்கச் சொல்லிக்கொடுக்கிறோம், அதனால் எழுதிவிட்டேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையத்தில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கலாம். போன சித்திரையில் அப்பா காரியத்தன்று என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் ஏறக் கால் வரவில்லை. அதனால்தான் தபால்.

நேற்று கோயில் வாசலில் மதினியைப் பார்த்தேன். ஆற்றங்கரை வயலைத் தென்னந்தோப்பு ஆக்கப்போகிறீர்களாம். கரையில் நிற்கிற தாழம்புதரை வேரோடு பிடுங்கப் புல்டோசரும் பேசியாயிற்றாம்.

போன மாதம் என் பிளஸ் டூ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்திலிருந்து கண்மாய் வரைக்கும் அந்த ஆற்றோரமாக நடந்தேன். நாம் சிறுசுகளாக இருந்தபோது வளைவுக்கு வளைவு தாழை நிற்கும். இப்போது சீமைக் கருவேலம் நிற்கிறது. தாழை காடாக நிற்பது நம் கரையில் மட்டும்தான். மேற்கே அதற்கு மேல் மலைதான்.

தாழை வெறும் முள் இல்லை. தண்டிலிருந்து இறங்குகிற விழுது ஒவ்வொன்றும் கரை மண்ணைக் கவ்விப் பிடிக்கிறது. தண்ணீர் வேகமாக வந்து மோதும் வளைவில் அதுதான் முதல் அடியை வாங்குகிறது. அதன் காலடியில் கெண்டைக் குஞ்சு ஒதுங்கும், மேலே நீர்க்கோழி கூடு வைக்கும். இதையெல்லாம் இன்னும் மூன்று பக்கத்துக்குத் தனியாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குப் பங்கு வேண்டாம். அந்தப் புதர் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
செல்லத்தாய்

*

ராஜபாளையம்,
19.2.1990

தங்கச்சி செல்லத்தாய்க்கு,

கடிதம் கிடைத்தது. எப்போதிலிருந்து நான் உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? என் சட்டையில் மூக்கைத் துடைத்துவிட்டு ஓடினவள் நீ. கோபம் என்றால் ‘நீ’ என்றே திட்டு, எனக்கும் பழகின மாதிரி இருக்கும்.

முகத்தைத் திருப்பினேன் என்கிறாய். ஏன் திருப்பினேன்? காரியத்துக்கு வந்த சனம் சாப்பிட்டுக் கை கழுவவில்லை, அதற்குள் ‘ஆற்றங்கரையில் கை வைக்காதே’ என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். பெண் பிள்ளைக்கும் சொத்தில் பங்கு என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. நம்ம மொக்கைச்சாமி சித்தப்பா என் காதுக்குள் வந்து, “ஏலே பால்ச்சாமி, உன் தங்கச்சி அடிபோடுதா, சூதானமா இருந்துக்கோ” என்றார். நான் என்ன நினைப்பேன்? பங்கு வேண்டும் என்றால் நேரே கேள். புதரைக் காட்டிக் கேட்காதே.

பட்டாளத்தில் பாதி ஆயுசு மணலிலும் மீதி ஆயுசு பனியிலும் போய்விட்டது. முட்டி ரெண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நாலு தென்னை வைத்து அதன் நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கணும், வேறு ஒரு ஆசையும் இல்லை. அதற்கும் நீ குறுக்கே நிற்கிறாய். போன ஐப்பசியில் அந்தப் புதரிலிருந்து வந்த பாம்புதான் நம்ம கன்றுக்குட்டியைக் கொத்தியது. தாழம்பூ வாசத்துக்கு நாகம் வரும் என்பது ஊருக்கே தெரியும். உன் புத்தகத்தில் அது இல்லை போலிருக்கிறது.

நீ வைத்திருந்த மூன்று பக்கத்தையும் படிக்க உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்தில் தூங்கிவிட்டேன். நான் உன் வகுப்புப் பிள்ளை இல்லை. சரி, பாதியை விடுகிறேன். உன் மதினியும் “பாதியையாவது விடுங்க, அவ மனசு சங்கடப்படும்” என்று மூன்று நாளாக அரிக்கிறாள். எதை விடணும், எதை வெட்டணும் என்று ஒரே வரியில் எழுது. அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டேன்.

பால்ச்சாமி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
2.3.1990

அண்ணனுக்கு,

பெண் தாழையை விட்டுவிடு, ஆண் தாழையை வேண்டுமானால் வெட்டிக்கொள்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான். கீழே உள்ளதை நீ படிக்கப்போவதில்லை. எழுதினால் எனக்கு ஆறும், அதற்காக எழுதுகிறேன்.

அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது. அது வருவதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவளுக்கு அதில் இடமில்லை. சித்தப்பாவுக்கு யாராவது படித்துச் சொல்லட்டும். பாம்பு வாசத்துக்கு வருவதில்லை, எலிக்கும் நிழலுக்கும் வருகிறது. நீ தோப்பு வைத்தாலும் எலி இருக்கும், பாம்பும் வரும்.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணே. பள்ளிக்கூடத்தில் பேப்பர் கட்டு, வீட்டில் உலை. எங்க வீட்டுக்காரர் அவிய வேலைக்குப் போய்விட்டு வந்து பேப்பரை விரித்தால் எழுந்திருப்பதில்லை. இதற்கு நடுவே ஒரு புதருக்காகச் சொந்த அண்ணனிடம் மனுப்போட வேண்டியிருக்கிறது. நான் சொல்கிற செடி அந்த ஆற்றில் இனி உன் கரையில் மட்டும்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லித்தர ஆசைதான். நீதான் தூங்கிவிடுவாயே.

செல்லத்தாய்

*

ராஜபாளையம்,
27.8.1990

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை தனுஷ்கோடி நேற்றுத் தேங்காய் பழத்தோடு வந்து, பேச்சி பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று சொன்னார். என் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பிள்ளை. மாப்பிள்ளை வந்து கூப்பிட்டது பெரிய காரியம். நானாக இருந்தால் இந்தச் சண்டைக்குப் பிறகு படி மிதித்திருக்க மாட்டேன்.

தாய்மாமன் சீரோடு வருகிறேன். பட்டு, பாத்திரம், மாலை எல்லாம் உன் மதினி பார்த்துக்கொள்கிறாள். சடைக்குத் தாழம்பூ மட்டும் என் பொறுப்பு. சந்தையில் வாடினதை வாங்கிவிடாதே. நம்ம கரையில் பூத்ததை அன்றைக்குக் காலையில் நானே அறுத்துக் கொண்டுவருகிறேன். பேச்சிக்கு உச்சியிலிருந்து நுனிவரை மடல் வைத்துத் தைக்க வேண்டும்.

இன்னொன்று. நீ சொன்னபடியே பெண் தாழையை விட்டுவிட்டேன். புல்டோசர்காரன் “எல்லாம் ஒரே முள்ளுதானே அண்ணாச்சி, மொத்தமாத் தள்ளிருவோம்” என்றான். நான் விடவில்லை. வெயிலில் நின்று இது வேண்டும், அது வேண்டாம் என்று ஒவ்வொரு தூராகக் கையைக் காட்டினேன். அன்றைக்கு ராத்திரி முட்டிக்குத் தைலம் போட்டும் தூக்கம் வரவில்லை. நான் செய்த ஒரு காரியத்தையாவது நல்லது என்று நீ சொன்னது கிடையாது. இதைப் பார்த்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
பால்ச்சாமி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.9.1990

அன்புள்ள அண்ணனுக்கு,

விசேஷம் முடிந்து வீடு இப்போதுதான் அடங்கியிருக்கிறது. அண்டாக்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பேச்சி இன்னும் சடையை அவிழ்க்க விடவில்லை. மடல் காய்ந்து கழுத்தைக் குத்துகிறது, இருந்தாலும் “மாமா கொண்டாந்த பூ, இருக்கட்டும்மா” என்கிறாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இந்த மாதிரி வாசம் அடித்து எத்தனை வருஷமாச்சு என்று பக்கத்து வீட்டு ரத்தினம் அக்கா கேட்டாள். நீ வந்து படியேறினது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வாயால் சொல்ல வரவில்லை. எழுத்திலாவது சொல்கிறேன்.

நீ கூடையை இறக்கிவைத்து, சபைக்கே கேட்கிற மாதிரி, “ஏட்டி செல்லம், இந்தா நீ விடச் சொன்ன பெண் தாழை, அதுல பூத்தது” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே போய் அடுப்படியில் செத்த நேரம் சும்மா நின்றேன். மதினி வந்து என்ன என்று கேட்டாள், புகை என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் கேட்க முடியவில்லை, இப்போது கேட்கிறேன். ஆறு திரும்புகிற வளைவில், தண்ணீரை ஒட்டினாற்போல் சில தூர் நின்றதே. பூ வாசம் இருக்காது, அன்னாசிப்பழம் மாதிரி காய் தொங்கும். அது இருக்கிறதா?

செல்லத்தாய்

*

ராஜபாளையம்,
1.10.1990

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்தத் தடியன்களைக் கேட்கிறாயா? அதுதானே ஆண் தாழை. அதைத்தான் முதலில் வெட்டினேன். வேரையும் விடவில்லை. காயவைத்து, விழுதும் காயுமாகக் குவித்துத் தீவைத்தாயிற்று. சாம்பல் தென்னங்குழிக்குப் போய்விட்டது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். இதற்குப் படிப்பு எதற்கு? மணக்கிறது, மடல் மஞ்சளாக மினுக்குகிறது, பெண்கள் தலையில் ஏறுகிறது, அது பெண். ஒரு பூவுக்கும் வக்கில்லாமல், மனுஷனும் தின்னாத மாடும் தின்னாத காயைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது ஆண். நம்ம பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வேலிக்கு முள் வேண்டுமென்றால் எல்லாரும் அதைத்தான் வெட்டுவார்கள்.

வளைவு இப்போது துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறது. மூன்று வரிசை தென்னை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வா, காட்டுகிறேன். நல்லது என்று நீ இன்னும் சொல்லவில்லை.

பால்ச்சாமி

*

ராஜபாளையம்,
22.11.1992

தங்கச்சி செல்லத்தாய்க்கு,

இரண்டு வருஷமாகத் தீபாவளிக்கு வருகிறாய், பலகாரம் தின்கிறாய், போகிறாய். ஆற்றங்கரைக்கு வா என்றால் தலைவலி என்கிறாய். என் கடைசிக் கடிதத்துக்குப் பதிலும் போடவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று உன் மதினியிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கும் சலித்துவிட்டது. இனி நீ வந்தாலும் காட்ட ஒன்றுமில்லை.

போன வாரம் மலையில் பேய்மழை. ஆறு மண் நிறத்தில் வந்தது. நான் குடையோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வளைவில் வந்து முட்டின தண்ணீர் திரும்பவில்லை. கரையைக் கடித்து நேரே உள்ளே வந்துவிட்டது. மூன்று வரிசை தென்னையும் சாய்ந்து போனது. மோட்டார் ரூம் போனது. நீ விடச் சொன்ன தாழையும், பின்னால் மண் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து மிதந்து போனது. போகும்போதுகூட ஒன்றிரண்டில் பூ இருந்தது.

தாழை கரையைப் பிடிக்கும் என்று எழுதினாயே. பிடித்ததா? உன் பேச்சைக் கேட்டுத்தானே அதை நிறுத்தினேன். அந்த இடத்தில் கல்லைக் கட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். உனக்குப் புத்தகம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. எனக்கு அந்தக் கரை ஒன்றுதான் இருந்தது. மறுபடி குழி தோண்ட உடம்பில் சத்து இல்லை.

பால்ச்சாமி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
28.11.1992

அண்ணனுக்கு,

நீ கட்டிலில் படுத்துக்கொண்டு யாரோடும் பேசுவதில்லை என்று மதினி சொல்லி அனுப்பினாள். மனசு கேட்கவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு ஆத்திரமும் அடங்கவில்லை. இதுவரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும்.

நீ வெட்டி எரித்ததுதான் பெண் தாழை.

காய் எதில் காய்க்கும் அண்ணே? மணக்கிற பூ ஆண் பூ. அந்த மடலுக்குள் இருப்பது மகரந்தத் தூள் மட்டும். காற்றில் அது பறந்துபோய், வாசமில்லாத பெண் பூவில் விழுந்து, அங்கே காய் பிடிக்கிறது. அது பழுத்து உதிர்ந்து ஆற்றில் மிதந்துபோய் எந்த வளைவில் ஒதுங்குகிறதோ அங்கே முளைக்கிறது. கண்மாய் வரைக்கும் இருந்த தாழைக்கெல்லாம் தாய் நம் கரையில் நின்றதுதான். கீழே இருக்கிறவர்கள் உன்னை மாதிரியே பூ வருகிறதை வைத்துக்கொண்டு மற்றதை வேலிக்கு வெட்டிவிட்டார்கள். நடந்து பார்த்ததால் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஒன்றுக்காக உன்னிடம் கெஞ்சினேன். தண்ணீரை ஒட்டி நின்று அடியை வாங்கினதும் அதுதான். அதை எடுத்த பிறகு மேலே நின்றது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

கூடையோடு நீ வாசலில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சண்டைக்குப் பிறகு முதல் தடவை என் வீட்டுக்கு வந்திருக்கிறாய். அன்றைக்குச் சொல்ல முடியுமா? பொறவு நீ எரித்துவிட்டேன் என்று எழுதினாய். எரிந்ததற்கு அப்புறம் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று விட்டுவிட்டேன். உன் கரைக்கு வந்து, அந்த மொட்டை வளைவைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. தலைவலி என்றது அதற்குத்தான்.

வெள்ளத்துக்கு என்னைப் பழி சொல்லாதே. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

செல்லத்தாய்

*

ராஜபாளையம்,
18.7.1993

அன்புள்ள செல்லத்துக்கு,

பதில் போட இவ்வளவு மாதம் ஆகிவிட்டது. கோபத்தில் இல்லை, வெட்கத்தில். உன் கடிதத்தை மதினிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “பிள்ளை பெத்தவளைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே, காய்க்கிறது எதுன்னு” என்றாள்.

தை பிறந்த பிறகு ஆற்றோரமாக நடக்க ஆரம்பித்தேன். முட்டி வலிக்கிற அன்றைக்கு நிறுத்திவிட்டு, வலி விட்டதும் மறுபடி நடந்தேன். நீ சொன்னது உண்மை. மணக்கிறது அங்கங்கே இருக்கிறது, காய்க்கிறது ஒன்றுமில்லை. பக்கத்து ஓடைகளிலும் தேடினேன். கடைசியில் மம்சாபுரத்துக்கு மேற்கே வைகுண்டராஜ் என்பவர் தோட்டத்து ஓடையில் ஒரு தூர் நின்றது. இரண்டு காய் தொங்கியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “பூக்காத முள்ளுக்கா இம்புட்டு தூரம் வந்தீரு? மொத்தமா வெட்டிட்டுப் போரும்” என்றார். வெட்டாதீர்கள் என்று அவரிடம் நான் பேசின பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். உன் மூன்று பக்கத்தையும் ஒப்பித்தேன். அவரும் கொட்டாவி விட்டார்.

பக்கக்கன்று நாலு கொடுத்தார். பங்குனியில் நம்ம வளைவில் வைத்தேன். இரண்டு பட்டுப்போனது, இரண்டு குருத்து விட்டிருக்கிறது. ஆண் கன்று கீழே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது காய்த்து, காய் மிதந்து போவதைப் பார்க்க நான் இருப்பேனா என்று தெரியாது. என் பையன்கள் இருவரும் மில் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு அப்புறம் அவர்கள் விற்பார்கள், வாங்குகிறவன் துடைத்துச் சுத்தம் செய்வான், என்னை மாதிரியே.

அதனால் அந்த வளைவை உன் பேருக்கு எழுதுகிறேன். பத்திரம் எழுதச் சொல்லியாயிற்று. 28-ஆம் தேதி புதன்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வா. சித்தப்பா காதுக்கு விஷயம் போய்விட்டது. “நான் அன்னைக்கே சொன்னேன், கடைசியில பங்கை வாங்கிட்டாளா இல்லையா” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் விளக்க வேண்டும், விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

அன்புடன்,
பால்ச்சாமி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.7.1993

அன்புள்ள அண்ணனுக்கு,

நிலம் வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. வேண்டாம் வேண்டாம் என்று இத்தனை வருஷம் சொன்ன வாயால் சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இனி அந்த ஊரில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் இதைத்தான் நினைப்பார்கள். சாகிறவரைக்கும் நினைப்பார்கள். அவியகூட, “யோசிச்சுக்கோ, பேரு கெட்டுப்போகும்” என்றார்கள்.

யோசித்துவிட்டேன். என் பேர் கெட்டால் கெட்டுப்போகட்டும். அந்த இரண்டு குருத்துக்கும் என்னைவிட்டால் ஆள் இல்லை.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பத்திரம் எழுதுகிறவரிடம் எல்லையைப் பழையபடி எழுத வேண்டாம் என்று சொல். நீ கொடுக்கிற நிலத்தில் பாதிக்கு மேல் இப்போது ஆறு ஓடுகிறது, மதினி சொன்னாள். அதைக் கழித்துவிடாதே, தண்ணீரையும் சேர்த்தே எழுதச் சொல். காய் அதில்தான் விழ வேண்டும்.

செல்லத்தாய்